இன்னும் கொஞ்சம் தள்ளு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் விருத்தாசலத்தில் நல்ல டீ கிடைப்பது கஷ்டம், மேடம். பாதிக் கடை சாத்தியிருக்கும். திறந்திருக்கும் கடையில் காலைப் பாலையே திரும்பத் திரும்பக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். அதனால் ஞாயிறு எனக்குச் சூளை வேலை இருந்தால் இனியவன் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவருவான். அவன் அம்மா கொளஞ்சி போடும் டீ. இஞ்சி தூக்கலாக இருக்கும். அன்றைக்கும் அவன் டீ கொடுக்கத்தான் வந்தான்.

என் பெயர் விருத்தகிரி. கிரி என்று கூப்பிடுவார்கள். செராமிக் பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் சூளை பார்க்கிறேன். இனியவன் அதே கம்பெனியில் பேக்கிங். கம்மாபுரம் பக்கம் இருந்த நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு அவனும் அம்மாவும் டவுனுக்கு வந்துவிட்டார்கள். வேலை முடிந்தால் பாலக்கரைப் பக்கம் மாடியில் பாரி நடத்தும் கேம் சென்டரில் இருவரும் உட்கார்ந்திருப்போம். ஒரே அணியாகத்தான் ஆடுவோம்.

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் மற்றது உங்களுக்குப் புரியாது. வேறு வேறு வீடியோ கேம்களில் இருக்கும் வீரர்களை ஒரே களத்தில் கொண்டுவந்து மோதவிடும் சண்டை ஆட்டம் அது. எங்கேயோ பேய் ஓட்டிக்கொண்டிருந்த மந்திரவாதி இந்தப் பக்கம் நிற்பான், வேறு ஏதோ ஆட்டத்து ரோபோ அந்தப் பக்கம் நிற்கும். ஓர் அணிக்கு இரண்டு வீரர்கள். இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் ஆளுக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். ஒருவர் சண்டை போடும்போது மற்றவர் வெளியே நிற்பார். பட்டனைத் தட்டினால் ஆள் மாறலாம். வெளியே நிற்பவருக்கு இழந்த லைஃப் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஆட்டத்தின் பலமே அதுதான். அடிபட்டவனை ஓய்வெடுக்க விட்டு மற்றவன் தாங்கிப் பிடிக்கலாம்.

பலவீனங்களும் உண்டு. எனக்குப் பிடித்த ஆட்டம் என்பதற்காக மறைக்க மாட்டேன். திரையில் வெளிச்சமும் பொறியும் அதிகம், யார் யாரை அடிக்கிறார்கள் என்றே சில சமயம் தெரியாது. சில வீரர்களுக்குப் பலத்தை அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேரில் ஒருவர் விழுந்தாலே அணி தோற்றது. எல்லாவற்றையும்விடப் பெரிய பலவீனம், கூட்டாளிக்கு உதவ உள்ளே குதிப்பவனுக்கு அந்த நொடியில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. கையைத் தூக்கித் தடுக்கக்கூட முடியாது. எதிராளி காத்திருந்து அடித்தால் பாதி லைஃப் போய்விடும்.

இனியவனுக்கு இது தெரியும். தெரிந்தும் குதிப்பான். என் ஆள் நாலு அடி வாங்கினால் அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பட்டனைத் தட்டிவிடுவான். நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"ஏன்டா உள்ள வந்த? நான் சமாளிச்சிருப்பேன் இல்ல?"

"நீ அடி வாங்கறத பாத்துக்கினு எப்டிடா சும்மா இருக்கறது?" என்பான்.

பிப்ரவரியில் சென்னையில் ஒரு போட்டிக்குப் போனோம். காலிறுதி வரை வந்தோம். அங்கே நான் ஆட்டிய வீரன், ஒரு மல்லன், மூலையில் மாட்டிக்கொண்டான். இனியவன் குதித்தான், அடி வாங்கினான், தோற்றோம். ஆட்டக்காரர்களைச் சம்பளத்துக்கு எடுக்கும் பெங்களூரு கிளப்காரர்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும் ரயிலில் விழுப்புரம் தாண்டிய பிறகுதான் இனியவன் சொன்னான்.

"கிரி, அவங்க என்னை மட்டும் கேக்கறாங்கடா. ஜோடிக்கு மோகனப்பிரியான்னு சேத்தியாத்தோப்புப் பொண்ணு இருக்குதாம். சம்பளம், தங்க எடம் எல்லாம் அவங்களே குடுக்கறாங்களாம். நீ வேணாம்னா நான் போவல."

"லூசாடா நீ? போயிட்டு வா. அம்மாவையும் கூட்டிக்கினு போ," என்றேன்.

மனதாரத்தான் சொன்னேன். மறுநாள் கம்பெனியில் எல்லோருக்கும் நான்தான் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். மோகனப்பிரியா வாரக் கடைசியில் பஸ் பிடித்து வந்து பாரி கடையில் அவனோடு ஜோடியாக ஆடிப் பழகியபோது நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். எந்த இடத்தில் அவன் அவசரப்படுவான், எப்போது அவன் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்றெல்லாம். அந்தப் பெண் கெட்டிக்காரி. மூலையில் மாட்டினாலும் தானே வெளியே வந்துவிடுவாள். அவளுக்காக இனியவன் உள்ளே குதிக்கத் தேவையே வரவில்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஆடினார்கள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். "இப்பதான் இனியவன் ஆட்டமே தெரியுது," என்று பாரி சொன்னார். நான் பக்கத்தில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இனி சூளை. எங்களுடையது வண்டிச் சூளை. இன்னும் சுடாத பச்சை ஃபியூஸ் கட்டைகளை ஓர் இரும்பு வண்டியில் அடுக்கி, தண்டவாளத்தில் தள்ளி, சூளைக்குள் விட்டுக் கதவை மூடி கேஸைப் பற்றவைப்போம். வெந்த பிறகு நன்றாக ஆறவிட்டுத்தான் வண்டியை வெளியே இழுக்க வேண்டும். இழுக்க நீளக் கொக்கி உண்டு. தடித்த கையுறையும் உண்டு. சனிக்கிழமை அணைத்த சூளையைத் திங்கட்கிழமைதான் திறப்போம். நான் ஞாயிறு மத்தியானமே திறந்தேன். கம்பெனியில் வேறு யாரும் இல்லை. வண்டியைப் பாதி வெளியே இழுத்தேன். பிறகு கொக்கியையும் கையுறைகளையும் களிமண் கொட்டி வைக்கும் தொட்டிக்குள் போட்டு மேலே சாக்கை மூடினேன்.

இனியவனின் பைக் சத்தம் கேட்டதும் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். காலைச் சக்கரத்தை ஒட்டி வைத்தேன். ஒட்டித்தான் வைத்தேன், அடியில் வைக்கவில்லை. அங்கே நல்ல சூடு. என் புருவமும் கொஞ்சம் கருகியது, பார்த்திருப்பீர்கள். டாக்டர் அதை வைத்துத்தான் நான் பிழைத்தது பெரிய விஷயம் என்று சொன்னார்.

நான் கத்தினேன். "இனியா, கால் மாட்டிக்கிச்சிடா. வண்டியைத் தள்ளுடா."

ஃபிளாஸ்க் விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. அவன் கொக்கி இருக்கும் இடத்துக்கு ஓடினான், இல்லை. கையுறை மாட்டும் ஆணியைப் பார்த்தான், இல்லை. அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. நேராக வந்து இரண்டு உள்ளங்கையையும் இரும்புச் சட்டத்தில் வைத்துத் தள்ளினான்.

நான் கணக்குப் போட்டது இவ்வளவுதான். அவன் தொடுவான், சுடும், கையை எடுத்துவிடுவான். கொப்புளம் வரும். கிளப்புக்காக ஆட வேண்டிய ஜூன் மாதப் போட்டிக்கு அவனால் போக முடியாது, கிளப்காரர்கள் வேறு ஆளைப் பார்ப்பார்கள். பிறகு கொப்புளம் ஆறிவிடும், பழையபடி பாரி கடையில் உட்காருவோம். அவனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அவன் கையை எடுக்கவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. சக்கரங்களின் இடைவெளி வழியாக அவன் காலைத் தரையில் ஊன்றி ஊன்றித் தள்ளுவது தெரிந்தது. ஒரு வாடை வந்தது. "கிரி, கால இழுத்துக்கடா, இழுத்துக்கடா," என்று சொல்லிக்கொண்டே தள்ளினான். அப்போது நான் காலை இழுத்திருக்கலாம். நான் நினைத்த அளவுக்கு மேலேயே காயம் ஆகிவிட்டது என்று எனக்கே தெரிந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் தள்ளு," என்றேன்.

அவன் தள்ளினான்.

வண்டி நகர்ந்திருக்காது, மேடம். மற்ற சக்கரங்களுக்கு முன்னால் நான் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தேன். மறுநாள் உங்கள் ஆட்கள் வந்து பார்ப்பதற்குள் எடுத்துவிட்டேன். நாலு ஆள் சேர்ந்து தள்ளினாலும் அது நகராது. இரண்டாம் முறையும் சொன்னேன், அவன் இரண்டாம் முறையும் தள்ளினான். பிறகு அவனாகவே சரிந்து விழுந்தான். நான் எழுந்து வந்து அவனைத் தூக்கினேன். ஆம்புலன்ஸுக்கு போன் செய்தது நான்தான். புதுச்சேரி வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனதும் நான்தான்.

வலது கையில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். இடது கையில் விரல்கள் இருக்கின்றன, மடங்காது என்கிறார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் முதலில் கேட்டது என் காலைப் பற்றி. ஆஸ்பத்திரி வராந்தாவில் கொளஞ்சி அம்மா என் முழங்காலைத் தடவிப் பார்த்தார்.

"அவன் கை போனா போவுது தம்பி. உன் காலு பொழச்சிதே, அது போதும். நீயும் எனக்குப் புள்ளதான்," என்றார்.

நான் அவருக்கு இட்லி வாங்கி வந்து கொடுத்தேன்.

நேற்று நானாக இந்த ஸ்டேஷனுக்கு வந்தபோது மனசாட்சி உறுத்தியதா என்று ரைட்டர் கேட்டார். அப்படி இல்லை. நான் நன்றாகத்தான் தூங்குகிறேன். போன வாரம் பாலக்கரையில் பாரி ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார். இனியவன் படம் ஆளுயரத்துக்கு. 'தன் கரங்களைத் தந்து நண்பனைக் காத்த நாயகன்' என்று பெரிய எழுத்து. கீழே ஒரு மூலையில் என் படம், சின்னதாக, பெயர்கூட இல்லாமல். கிளப்காரர்கள் அவனைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டிருக்கிறார்களாம், கை இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்ததும், "இனியவன் காப்பாத்துன பையன் இவன்தான்," என்று காட்டுகிறார்கள்.

இது உண்மை இல்லை. எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. என்னை யாரும் காப்பாற்றவில்லை. நகராத ஒரு வண்டியை ஒருவன் தள்ளினான், அவ்வளவுதான் அங்கே நடந்தது. தள்ளச் சொன்னது நான். கையுறையை ஒளித்தது நான். போதும் என்று தெரிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் என்று சொன்னது நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த ஃபிளெக்ஸை மட்டும் இன்றைக்கே இறக்கச் சொல்லிவிடுங்கள், மேடம். பொறாமையில் கேட்பதாக நினைக்க வேண்டாம். ஊர் நடுவில் ஒரு பொய் நிற்கக் கூடாது.