இந்தியாவுக்குள் மட்டும்

சாரல் விழுகிற மாதங்களில் பொடிக்குப் போட்ட மல்லி காயவே காயாது. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்குச் சாரல் சுகம். எனக்குத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் அலைகிற வேலை. ஜன்னல் பக்கமாக உட்காருங்கள் வக்கீல் மேடம், மிளகாய் நெடி அங்கே அவ்வளவாக வராது. கேட்டதற்கெல்லாம் சொல்கிறேன். எனக்கு ஒளித்துப் பழக்கமில்லை.

பெயர் சாஜிதா. இந்தக் குத்துக்கல்வலசை வீட்டிலிருந்தே ஆறு வருடமாகச் சால்னாப் பொடி அரைத்து ஆன்லைனில் விற்கிறேன். என் பக்கத்தில் முதல் வரியே இதுதான்: இந்தியாவுக்குள் மட்டும். வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்த்தவள்தான் நான். ஒரு பார்சல் ஒன்றரை மாதம் சுற்றிவிட்டு, கவர் கிழிந்து, பொடி கட்டிதட்டி என்னிடமே திரும்பி வந்தது. வாங்கியவர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார். போதும் என்று நிறுத்திவிட்டேன்.

நிறுத்தினேன் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? முகம் தெரியாத ஆளாக இருந்தால் பிளாக் பண்ணிவிட்டுப் போகலாம். எனக்கு வந்தவர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். என் கணவர் மசூதுடன் வேலை பார்த்தவர்கள், பக்கத்துத் தெருவில் பிறந்து வளைகுடாவில் வாழ்கிற பெண்கள், அவர்களுடைய நாத்தனார்கள். ஒருத்திக்கு முடியாது என்றால், அடுத்த கல்யாண வீட்டில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது. சோறு வடிக்கும்போது, தொழுதுவிட்டு எழும்போது, துணி மடிக்கும்போது என்று போன் துடித்துக்கொண்டே இருந்தது. மசூதிடம் சொன்னால், "குடுத்துத் தொலையேன்ட்டி, பொடிதான?" என்பார். இரண்டு பெண்களை வைத்து நான் நாளைக்கு அரைப்பது இருபது கிலோ. ஒருத்திக்குக் கொடுத்தால் நாற்பது பேருக்குக் கொடுக்க வேண்டும். அந்த போனை எடுக்கவும் முடியாமல், வைக்கவும் முடியாமல் இரண்டு வருடம் இருந்தேன். மூச்சு முட்டியது, மேடம். அது உங்கள் ஃபைலில் இருக்காது.

எல்லாரிலும் விடாப்பிடியானவள் ஹஃப்சா. தபால் வேண்டாம், கூரியர் வேண்டாம், கைவசம் ஆள் இருக்கிறது என்று வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "லாத்தா, எங்க முஃபீத் மச்சான் வெள்ளிக்கிழம கிளம்புதாங்களாம். அவங்க கையில ரெண்டு கிலோ குடுத்து விடுங்க. இனிமே யாரு வந்துட்டுப் போனாலும் இப்படியே வாங்கிக்கிடுதேன்." எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? லீவு முடிந்து ஒருவன் திரும்பிப் போகிறான் என்றால் தெருவே பொட்டலத்தோடு வரும். அல்வா, ஊறுகாய், மாத்திரை. வேண்டாம் என்று சொல்லக் கூடாது. பிரித்துப் பார்ப்பதோ அதைவிட மரியாதைக் கேடு. வெள்ளைத் துணியில் தைத்து, பெயர் எழுதிக் கொடுத்தால் அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

இனிமேல் இப்படியே என்றாள் பாருங்கள், அதுதான் எனக்குப் பட்டது. மாதத்துக்கு நாலு பேராவது இந்தத் தெருவிலிருந்து போகிறார்கள். நான் சாகிற வரைக்கும் இது ஓயாது என்று தெரிந்துபோனது.

முஃபீத் இரண்டு வீடு தள்ளி இருக்கிற பையன். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் மனைவி சனோபரோடு வந்தான். பொட்டலத்தை நீட்டி, "உள்ள என்ன இருக்குன்னு பாத்துக்கோ வாப்பா" என்றேன். முறையாகச் சொன்னேன், இல்லையா? அவன் சிரித்தான். "நீங்க தச்சுத் தந்தத நான் பிரிச்சுப் பாக்கவா? என்ன லாத்தா இப்படிச் சொல்லுதிய? பெட்டியில இடம் கெடக்கு, இன்னும் ஏதும் இருந்தாலும் தாங்க." அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

ஹஃப்சா இருக்கிற அந்த ஊர் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்ததும், பொடிக்கு நடுவே கால் கிலோ கசகசா இருந்ததும், அங்கே அதற்குப் போதைப்பொருள் என்று பெயர் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவனை உள்ளே வைத்து எட்டு மாதமாகிறது. இங்கே எல்லோரும் என்ன நினைக்கிறார்கள்? பாவம் சாஜிதா, விவரம் தெரியாமல் மசாலா சாமானோடு சேர்த்து வைத்துவிட்டாள் என்கிறார்கள். சனோபரே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வெசனப்படாதிய லாத்தா" என்று அழுதாள். நான் மறுத்துப் பேசவில்லை.

விவரம் தெரியாது என்பது மட்டும் சரியில்லை. மசூது பதினோரு வருடம் அங்கே இருந்தவர். கொண்டுபோகக் கூடாத சாமான்களின் பட்டியல் எங்கள் பீரோ கதவில் ஒட்டியே இருந்தது. கசகசா அதில் இரண்டாவது. என் பொடியில் கசகசா கிடையவும் கிடையாது, முந்திரிதான். அந்த வியாழக்கிழமை காலையில் பஸ் ஏறித் தென்காசி பஜாருக்குப் போய், கால் கிலோ வாங்கி வந்து, லேபிள் இல்லாத கவரில் போட்டு, நானே நடுவில் வைத்துத் தைத்தேன். முஃபீத் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வேறு யார் போயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஒரு பொட்டலம் பிடிபட்டால் தெருவில் ஒருவரும் இனி கையில் வாங்க மாட்டார்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். பிசகவில்லை. அந்த வாரத்திலிருந்து வெளிநாட்டு மெசேஜ் ஒன்றுகூட இல்லை. சோறு வடித்தால் சோறு மட்டும் வடிக்கிறேன்.

சனோபருக்குப் போன மாதம் பிள்ளை பிறந்திருக்கிறது. பத்தியச் சாப்பாடு என் வீட்டிலிருந்துதான் போகிறது, கேட்டுப் பாருங்கள்.

வைத்தது நான்தான், அவனுக்குத் தெரியாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், இருபதாம் தேதி விசாரணையில் அவன் வெளியே வர வழி உண்டு என்கிறீர்கள். வாயால் சொல்லிவிட்டேன். எழுத்தில் கேட்காதீர்கள். எழுதினால் இந்தத் தெருவில் நான் எப்படி இருப்பது? என்னை நம்பி இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள்.

பொட்டலம் யார் கொடுத்தது என்று அங்கே எத்தனையோ தடவை கேட்டார்களாம். ஊர்க்காரங்க என்பதோடு நிறுத்திக்கொண்டானாம், லாத்தாவுக்குக் கஷ்டம் வந்துவிடக் கூடாது என்று. நீங்களும் யோசித்துப் பாருங்கள் மேடம், என்மேல் தப்பு இருந்தால் அந்தப் பையன் என் பெயரைச் சொல்லாமல் இருப்பானா?