எடி கரண்ட், அடி அண்ணாமலை

ஹலோ... ஹலோ... ஆங், இப்ப கேக்குது சார்... இல்ல சார், நான் வெக்கல, அதுவா கட்டாயிடுச்சு. இன்னிக்குப் பௌர்ணமி. திருவண்ணாமலைல இருக்கற அத்தனை பேரும் ஒரே நேரத்துல ஊருக்குப் போன் போடறாங்க... மாறன் சார். இப்ப பேசினனே, அதே மாறன்... சரி சார், மறுபடி மொதல்லேர்ந்து சொல்றேன்.

சர்டிபிகேட் வந்துடுச்சு சார்... ஆமா ஆமா, சந்தோஷந்தான். பாஸ் பண்ணதுல ஒரு குறையும் இல்ல. எதுல பாஸ் பண்ணேன்றதுதான் தப்பா இருக்கு... படிக்கறேன், கேளுங்க. 'அடி கரண்ட் டெஸ்டிங், லெவல் டூ'... அடி சார். அடி... எடினுதான இருக்கணும்? நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்தது எடி கரண்ட். உங்க ட்ரெயினிங் சென்டர் வாசல்ல போர்டுலயும் எடினுதான் எழுதியிருக்கு... வேணும்னா போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இருக்கேன்.

ரபீக் பாய், உங்க போனை இன்னும் கொஞ்ச நேரம் வெச்சுக்கறேன், பொறுங்க. சக்கரபாணி சார் அவங்க போர்டைப் படிக்கப் போயிருக்காரு.

ஹலோ... எடியா. அப்பாடா.

சின்ன எழுத்துதானா? உங்களுக்கு அது எழுத்து சார். எனக்கு மொத வேலை. நாளைக்கு விடியக்காலம் சகாதேவன் சார் வேன் வேங்கிக்கால் வழியாப் போகுது... அவருதான் சார், காண்ட்ராக்டர். மின் நிலையத்துல எல்லாத்தையும் நிறுத்தி வெக்கற ஷட்டவுன் நேரம், குழாயெல்லாம் டெஸ்ட் பண்ணணும். சர்டிபிகேட் சரியா இருந்தாதான் ஏத்துவேன்னுட்டாரு. 'எடி கரண்டுக்கு எங்கிட்ட மெசின் இருக்குது தம்பி, அடி கரண்டுக்கு மெசினே கெடையாது'ன்றாரு... சிரிக்காதீங்க சார்.

இன்னும் இருக்கு. எங்க ஊரு பேரே அடி அண்ணாமலை... ஆமா, அதேதான். எங்க ஊருக்குனு தனியா ஒரு கரண்ட் வரப்போவுது, அதை டெஸ்ட் பண்ண என்னை வேலைக்குப் போட்டிருக்காங்கனு ஊரே நெனச்சிட்டிருக்கு. வேடியப்பன் மாமா சர்டிபிகேட்டை வாங்கிட்டுப் போயி டீக்கடைல மாட்டி மாலை போட்டுட்டாரு, இன்னிக்குதான் கழட்டிக்கிட்டு வந்தேன்... உயிரோட இருக்கறவன் சர்டிபிகேட்டுக்கு மாலையானு நானும் கேட்டேன் சார். அன்னிலேர்ந்து எங்கிட்ட ரிப்பேருக்கு மிக்ஸி வருது, அயர்ன் பாக்ஸ் வருது. ஒருத்தரு கரும்பு ஜூஸ் மெசினையே கிரிவலப் பாதைல தள்ளிக்கிட்டு வந்துட்டாரு. சாமி கும்புட வந்தவங்க அவர் பின்னாடியே கியூல நின்னுட்டாங்க.

இன்னா பாய்?... அம்மா, அந்த மிக்ஸிய பாய் மேசை மேல வெக்காத. அது யாரு குடுத்தது? எனக்கு ரிப்பேர் தெரியாதுனு சொல்லேன்... படிச்சிருக்கேன், இதைப் படிக்கல.

ஹலோ, சாரி சார். எங்க அம்மா. ஜோதியம்மாள். அதான் பெரிய பிரச்சன. அடி கரண்ட்னா, கரண்ட் அடிக்குதானு தொட்டுப் பாக்கற வேலைனு யாரோ சொல்லிட்டாங்க. லெவல் ஒன்னுனா ஒரு கையால தொடணும், லெவல் டூனா ரெண்டு கையாலயும்... சத்தியமா சார். லெவல் த்ரீல எதை வெச்சுத் தொடுவாங்கனு கேட்டு அழுவுது. வேன்ல ஏற விடமாட்டேன்னு கூடவே வந்து உக்காந்திருக்கு... நீங்க பேசறீங்களா? இருங்க.

அம்மா, சார் பேசறாரு... ஏன், போனும் அடிக்குமா? சரி, நானே சொல்றேன், கேளு. காயில்னு ஒரு கம்பிச் சுருளைக் குழாய்க்குள்ள விட்டா உள்ள கரண்ட் சுழலும். கெணத்துல தண்ணி சுழலுதே, அந்த மாதிரி. அது பேருதான் எடி. எங்கனா விரிசல் இருந்தா அந்தச் சுழல் ஒதுங்கிப் போவும், மெசின்ல இருக்கற டிவில ஒரு பச்சைப் புள்ளி திரும்பும். குழாய அறுக்க வேணாம், ஒடைக்க வேணாம். நான் புள்ளியப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். அவ்ளோதான் வேலை... ஆமா, உக்காந்துக்கிட்டேதான்... சம்பளம் தருவாங்கம்மா.

சார், நம்புது. ஆனா சர்டிபிகேட்ல அடினு இருக்கேனு கேக்குது. அதுவும் நியாயந்தான்.

சரி, எப்பிடி சார் இப்பிடி ஆச்சு? டைப் அடிச்சது யாரு... சந்திரம்மாள் மேடமா... கேளுங்க, கேளுங்க... நான் சொன்னேனா? நானா?... போன வாரம் போன் பண்ணது நாந்தான். அது ஊரு பேருக்கு சார். ஹால் டிக்கெட்ல ஊரை 'எடி அண்ணாமலை'னு போட்டிருந்தாங்க, அதுக்குதான் 'எடி தப்பு மேடம், அடிதான் சரி'ன்னேன்... ஆமா, அப்பிடித்தான் சொன்னேன்... எங்கெங்க எடி இருந்தாலும் மாத்துங்கனு சொன்னனா?... சொல்லியிருப்பேன் சார். கொஞ்சம் வேகமாப் பேசிட்டேன்.

என்னது... மத்தவங்களுதுமா? மொத்த பேட்சுக்கும் அடி கரண்டா?... எங்கூடப் படிச்ச பலராமனும் வாங்கிட்டாரா. ஒண்ணும் சொல்லலியா?... பிரேம் போட்டுட்டாரா. பாவம்.

சரி சார், இப்ப இதை மாத்தி பேக்ஸ்ல அனுப்பிடுங்க. ஒரிஜினல் அப்புறமா வரட்டும், பேக்ஸ் போதும்னு சகாதேவன் சார் சொல்லிட்டாரு. எழுத்து சொல்றேன், எழுதிக்குங்க. ஈ... டி... ரெண்டு டி சார். ரெண்டு டி. அப்புறம் ஒய்.

பாய், எதுக்கு இது?... நான் டீ கேக்கல பாய், எழுத்து சொல்லிட்டிருக்கேன். டி, டி... சரி, வந்துடுச்சில்ல, ஒண்ணு அம்மாகிட்ட குடுங்க.

ஹலோ... ஆமா சார், ரெண்டுதான்... பரீட்சைல நான் எழுதின ரிப்போர்ட்டா? ஐயோ, அதை இன்னுமா வெச்சிருக்கீங்க? ஆமா, 'பச்சைப் புள்ளி எதையோ மறந்துட்டு வந்தது போலத் திரும்பியது'னு எழுதினது நாந்தான்... தெரியும் சார், 'வெளிப்பக்க விரிசல்'னு எழுதினாப் போதும். ராத்திரியெல்லாம் தமிழ்ல வந்த ரஷ்ய நாவல் படிச்சேன், அந்தத் தமிழ் கைல ஒட்டிக்கிச்சு... இனிமே எழுத மாட்டேன்... நான் போற எடத்துல ரஷ்யா மாதிரி பனியெல்லாம் இருக்காது சார், மின் நிலையம், வெந்துடும்.

இப்ப மேடம்கிட்ட சொல்றீங்களா? நல்லது. சார், ஒண்ணே ஒண்ணு. 'அடி தப்பு'னு மட்டும் சொல்லிடாதீங்க. கரண்டுக்கு எடி, ஊருக்கு அடி, அப்பிடிச் சொல்லுங்க... சொல்லிட்டீங்களா? எப்பிடி சொன்னீங்க?... இல்ல, வார்த்தைக்கு வார்த்தை எப்பிடி சொன்னீங்க?... 'எல்லாத்தையும் பழையபடி ஆக்குங்க'ன்னா.

சார், பழையபடினா ஊரு எடியாயிடுமே... அது என்னா சத்தம்? டைப் அடிக்கறாங்களா? அதுக்குள்ளயா? மேடம் ரொம்ப வேகம்னு எனக்குத் தெரியும் சார், அதான் பயமே. நிறுத்தச் சொல்லுங்க... முடிச்சுட்டாங்களா? சீல் கூடவா?

இதோ வெச்சுடறேன். ரபீக் பாய் கடைல போனும் பேக்ஸும் ஒரே லைன், நான் வெச்சாதான் அது வரும். அப்புறம் உங்களைப் பிடிக்க முடியாது, வெளிய கியூ கோபுரம் வரைக்கும் நிக்குது. அதனால, வெக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவி. அந்தப் பேப்பரைக் கைல எடுத்து, மேலேர்ந்து கீழ வரைக்கும் வாய் விட்டு ஒரு வாட்டி படிச்சுக் காட்டுங்க... சார்... மெதுவா, எழுத்து எழுத்தாப் படிங்க... சார்... ஊரு எப்பிடியோ போவட்டும், கரண்டுக்கு முன்னாடி என்னா போட்டிருக்குனு மட்டுமாவது படிங்க சார்...