சாரதாமணி டீச்சரின் கையெழுத்து

மேடையில் அமர்ந்திருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, துயரத்தைத் தாங்கி வந்திருக்கும் டீச்சரின் கணவர் குழந்தைவேல் அவர்களே, எருமப்பட்டிச் சுற்றுவட்டாரப் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். தலைமையாசிரியனாக அல்ல, தப்புச் செய்தவனாக இந்த மைக் முன்னால் நிற்கிறேன்.

நம் அறிவியல் ஆசிரியை சாரதாமணி அவர்கள் மாரடைப்பில் போய்ப் பத்து நாளாகிறது. நல்லாசிரியர் என்று இன்றைக்குப் புகழ்கிறோம். இருக்கும்போது அவர் சொன்னதைக் கேட்டோமா?

ஆண்டுதோறும் போதை ஒழிப்பு நாளில் என்ன செய்தோம்? பிள்ளைகளை வெயிலில் நிறுத்தினோம். கை நீட்டி உறுதிமொழி எடுக்க வைத்தோம். போட்டோ பிடித்து மேலிடத்துக்கு அனுப்பினோம். அதோடு நம் கடமை முடிந்தது! பதினொன்றாம் வகுப்பு மோனிஷா ஒருமுறை எழுந்து கேட்டாள்: "தப்புன்னு எங்களுக்கே தெரியுமுங்க சார். கூடப் படிக்கிறவனே கொண்டாந்து நீட்டுனா எப்படி வேண்டாம்ங்கிறது? அதைச் சொல்லிக் குடுங்க."

உட்காரச் சொன்னேன். சாரதாமணி டீச்சர்தான் மறுநாளே ஆய்வகத்து வாசலில் ஒரு பெட்டி வைத்தார். பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடலாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பதில் சொல்வார்.

ஒரு சீட்டில், அண்ணன் போதை மாத்திரை போடுகிறான், யாரிடம் சொன்னால் போலீசுக்குப் போகாது என்று கேட்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தச் சீட்டை டீச்சர் மேசையிலிருந்து எடுத்துப்போய், பரீட்சைத் தாள்களோடு கையெழுத்தை ஒத்துப் பார்த்தேன்! ஆளும் அகப்படவில்லை. விஷயம் மட்டும் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு மாதம் பெட்டி காலியாகக் கிடந்தது.

"பயந்து பயந்து ஒரு புள்ள வாயத் தொறந்துச்சு. அதையும் அடைச்சுட்டீங்களே சார்" என்றார் டீச்சர். அதன்பின் என்னோடு அதிகம் பேசவில்லை. ஆனால் பெட்டி மறுபடி நிரம்பியது. எப்படி என்று எனக்கு விளங்கவே இல்லை.

இன்று காலை குழந்தைவேல் அவர்கள் என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். நூற்றுக்கும் மேல் கேள்விகள். எல்லாமே டீச்சரின் கையெழுத்து! சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றையும் தன் கையால் எழுதிக்கொண்டு, பிள்ளைகள் எழுதியதை எரித்துவிடுவாராம். அப்படிச் செய்வதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். யாரிடமிருந்து காப்பாற்ற? என்னிடமிருந்து!

பெட்டி நாளை அதே இடத்தில் இருக்கும். சாவி, இனி அதைப் பார்த்துக்கொள்ளப் போகும் ஸ்ரீதேவி டீச்சரிடம். அவர் தன் கையால் எழுதிக்கொண்ட பிறகே கேள்விகள் என் கண்ணில் படும். வெள்ளிக்கிழமை வகுப்பு நிற்காது. விவரம் தெரிந்த டாக்டரோடு நானும் வருவேன். இதுதான் நான் எடுக்கும் உறுதிமொழி. இதற்கு யாரும் போட்டோ பிடிக்க வேண்டாம்.

நோட்டின் கடைசிக் கேள்விக்கு டீச்சர் பதில் சொல்லவில்லை. அதற்குள் போய்விட்டார். "அண்ணன் இன்னும் நிறுத்தலைங்க மிஸ். இப்பவாச்சும் யார்கிட்டச் சொல்றதுங்க?"

இதைக் கேட்ட பிள்ளை இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. யாரென்று தேட மாட்டேன், சாமி. வெள்ளிக்கிழமை முதல் பதில் உனக்குத்தான்.