எட்டாவது வாசலின் வலப்பக்கம்

தலைமை ஏற்று, இதுவரை ஒரு முறைகூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் பொறுமை காக்கும் துணை மேயர் அம்மையார் அவர்களே! ஏழு வாசல்களுக்குத் தீர்ப்பு வழங்கி, எட்டாவது வாசலில் ஒரு சுற்று இளைத்துப் போயிருக்கும் பெருமதிப்பிற்குரிய நம் சமயகுரு ரப்பி யோம்தோவ் அவர்களே! பேர்ஷேவா நகரின் பெரியோர்களே, மடியில் பலகாரத் தட்டுகளை மூடி வைத்துக்கொண்டு நான் எப்போது முடிப்பேன் என்று காத்திருக்கும் தாய்மார்களே, தந்தையர்களே, என் பள்ளித் தோழியரே! உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

என் பெயர் யிஸ்கா. பத்தாம் வகுப்பு மாணவி. இந்தப் பண்பாட்டு மையக் குழுவின் செயலாளர். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று என்னைச் சேர்த்தார்கள். ஆகவே நான் இன்று சொல்லப்போகும் ஒவ்வொன்றும் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது. மறுக்க விரும்புவோர் மேடைக்கு வந்து படித்துப் பார்க்கலாம்.

இல்லை ஐயா, இப்போது வேண்டாம். முடித்த பிறகு.

இது என்ன இடம்? பதினெட்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்த பழைய திரையரங்கு. புழுதி படிந்து, புறா புகுந்து, பூட்டுத் துருப்பிடித்துக் கிடந்த கட்டடம். இதை நகராட்சி நமக்கு அளித்தது. ஒரே ஒரு நிபந்தனை. இந்த ஆண்டு ஹனுக்கா ஒளித் திருநாளின் முதல் தீபம் ஏற்றுமுன் மையம் திறக்கப்பட வேண்டும். திறக்காவிட்டால் இடம் வாகன நிறுத்தத்துக்குப் போய்விடும். முதல் தீபம் இன்று மாலை. சூரியன் மறைய இன்னும் நாற்பது நிமிடங்கள் இருக்கின்றன. நான் பதினைந்து நிமிடங்களில் முடித்துவிடுவேன்.

கை தட்டியதற்கு நன்றி.

இந்த இடம் யாருக்கு வேண்டும்? எல்லோருக்கும் வேண்டும். ஆனால் ஒருவருக்கு இது இல்லாவிட்டால் முடியவே முடியாது. அவர்தான் முன்வரிசையில், நீல முக்காட்டில் அமர்ந்திருக்கும் ஸோஹரா எல்ஹரார் அம்மா. பதினோரு ஆண்டுகளாக ஒவ்வொரு சனிக்கிழமையும், சபாத் ஓய்வுநாள் மதியத்தில், யாருமற்ற நாற்பத்திரண்டு பேருக்குத் தன் மூன்றாம் மாடி வீட்டில் உணவளித்தவர். மேசைகளை ஒன்றோடொன்று சேர்த்து, சமையலறையில் தொடங்கி, கூடத்தைக் கடந்து, படுக்கையறை ஜன்னல் வரை ஒரே மேசையாகப் போடுவார். ஏன் இரண்டு வரிசையாகப் போடக்கூடாது என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டாவது வரிசைன்னு ஒண்ணு போட்டா, அதுல உக்காந்தவன் வீட்டுக்குப் போயி வாரம் பூரா அதையே நெனைச்சுக்கிட்டு இருப்பான், கண்ணு. ஏற்கெனவே தனியா இருக்கறவன். அவனுக்கு எதுக்கு அந்த நெனப்பு?"

அவர் குடியிருந்த கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள். சென்ற வெள்ளிக்கிழமை அவர் வீட்டைக் காலி செய்தாக வேண்டியிருந்தது. இந்த மையம் திறக்காவிட்டால் அந்த நாற்பத்திரண்டு பேரும் சபாத் அன்று எங்கே போவார்கள்? எந்தக் கதவைத் தட்டுவார்கள்? யார் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவார்கள்?

சரி, திறக்க வேண்டியதுதானே என்பீர்கள். வாசல்தோறும் மெஸூஸா பதித்து முடித்த பிறகே மையம் திறந்ததாகக் கணக்கு என்று குழு முதல் கூட்டத்திலேயே தீர்மானித்திருந்தது. விரல் நீளப் பெட்டி, உள்ளே இறைவாக்கு எழுதிய தோல் சுருள். உள்ளே நுழைபவரின் வலக்கைப் பக்கம் பதிக்க வேண்டும். ஏழு வாசல்களில் பதித்தாகிவிட்டது. நான்கு நேராக, மூன்று சாய்வாக. அது வேறு சண்டை. அதற்கு மூன்று கூட்டங்கள் ஆயின.

எட்டாவது வாசல், உங்கள் இடப்புறம் தெரிகிறதே, அதுதான். அது உணவுக்கூடத்துக்கும் படிப்புக்கூடத்துக்கும் நடுவில் இருக்கிறது. உணவுக்கூடத்துக்குப் பெரிய தெருவிலிருந்து ஒரு நுழைவு உண்டு. படிப்புக்கூடத்துக்குச் சந்திலிருந்து ஒரு நுழைவு உண்டு. அப்படியானால் நடுவாசலில் நிற்பவருக்கு எது உள்ளே? எந்தக் கூடம் பெரிது? எந்தக் கை வலக்கை?

படிப்புக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் கெர்ஷோன் லிப்கின் ஐயா. இந்த ஊரில் யார் இறந்தாலும் அவர்கள் விட்டுச் சென்ற புத்தகங்களைக் குப்பைக்குப் போகவிடாமல் வீட்டுக்குத் தூக்கி வருபவர். பதினோரு மொழிகளில் நாலாயிரம் புத்தகங்கள் சேர்த்து, இப்போது இங்கே அலமாரிகளில் அடுக்கியிருக்கிறார். நாற்பது ஆண்டுகளில் ஒருவரும் ஒன்றைக்கூட இரவல் கேட்டதில்லை. அதையும் அவர்தான் சொன்னார்.

"நம்ம ஜனத்துக்குப் படிப்புதான் முதல். படிப்புக்கூடந்தான் உள்ளே" என்றார் கெர்ஷோன் ஐயா.

"வாத்தியாரே, ஆபிரகாம் இந்த ஊர்ல கூடாரம் போட்டது வந்தவங்களுக்குச் சோறு போட. நூலகம் வெக்க இல்ல" என்றார் ஸோஹரா அம்மா.

"சோறு போட்டாரு, பாடமும் சொன்னாரு. அந்தப் பாதியை மட்டும் வசதியா விட்டுடுங்க."

"பசியோட எவன் பாடம் கேப்பான்? நீங்களே கேக்க மாட்டீங்க."

ரப்பி யோம்தோவ் நூல்களைப் புரட்டினார். இரண்டு கூடமும் சமம் என்றால், கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கமே உள்ளே என்று விதி இருக்கிறது. அன்று கதவு உணவுக்கூடத்தின் பக்கம் திறந்தது. ஸோஹரா அம்மா புன்னகைத்தார். தீர்ந்தது என்று நான் குறிப்பேட்டை மூடினேன்.

மூடியிருக்கக் கூடாது.

மறுநாள் காலை மெஸூஸாவோடு வந்தோம். கதவு படிப்புக்கூடத்தின் பக்கம் திறந்தது. கீல்கள் இடம் மாறியிருந்தன. செவ்வாய் மாலை மீண்டும் உணவுக்கூடத்தின் பக்கம் திறந்தது. புதன் காலை படிப்புக்கூடம். புதன் மாலை உணவுக்கூடம். இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்தவர் ஒரே தச்சர். மெனஷ்ஷே அவர்களே, எழுந்திருக்க வேண்டாம், எல்லோருக்கும் உங்களைத் தெரியும். அவரைக் குழு விசாரித்தது.

"நான் தச்சன். மாட்டச் சொன்னா மாட்டுவேன், கழட்டச் சொன்னா கழட்டுவேன். எது உள்ளே எது வெளியேன்னு என்னை ஏன் கேக்கறீங்க? ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், சட்டத்துல இனிமே ஓட்டை போட மரம் இல்ல."

வியாழக்கிழமை முற்பகல், குழு அந்த வாசலில் கூடி வாதாடிக்கொண்டிருந்தபோது கதவு விழுந்தது. புழுதி எழுந்தது. யாருக்கும் காயமில்லை. ஸோஹரா அம்மாவும் கெர்ஷோன் ஐயாவும் ஒரே குரலில் ஒரே கேள்வி கேட்டார்கள்.

"எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

ரப்பி தாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "விழுந்த பக்கத்தைப் பத்தி நூல்ல ஒண்ணும் சொல்லலை."

சிரிக்கிறீர்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை அல்லவா? ஸோஹரா அம்மா தம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, கோதுமையும் கடலையும் இறைச்சியும் முட்டையும் நிரப்பிய நான்கு பெரிய தஃபீனா பானைகளோடு தெருவில் நின்றார். அப்போதும் அவர் கெஞ்சவில்லை. ரப்பியைப் பார்த்து, "நான் இப்ப எங்கே எறக்கி வெக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

"உள்ளே எறக்கு தாயே. நாளைக்கு அவங்க சாப்பிடட்டும். வாசலை ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்" என்றார் ரப்பி.

மறுநாள் சபாத் மதியம் பார்த்தால், உணவுக்கூடத்தின் நீளத்துக்கு ஆறு மேசைகள்தான் கொள்ளும். நாற்பத்திரண்டு பேருக்கு ஒன்பது வேண்டும். இரண்டாவது வரிசை போடலாமா? ஸோஹரா அம்மாவிடம் அதைச் சொல்ல யாருக்குத் துணிச்சல்? கதவு இல்லாத வாசல் வழியாக, மீதி மூன்று மேசைகளையும் அவர் படிப்புக்கூடத்துக்குள் நீட்டி, வந்தவர்களை அமர்த்தினார். கெர்ஷோன் ஐயா ஓடி வந்தார்.

"புத்தகத்துக்குப் பக்கத்துல குழம்பா! யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"உங்களை இப்பக் கேக்கறேன், வாத்தியாரே. எடுத்துடவா? பத்துப் பதினஞ்சு பேரை எழுப்பிடுவோம். நீங்களே பேர் சொல்லுங்க, யார் யாரை எழுப்பட்டும்?"

கெர்ஷோன் ஐயா புத்தகங்களுக்குக் காவலாக, சரியாக வாசற்படியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தட்டு வந்தது. வேண்டாம் என்றார். பிறகு இரண்டு முறை வாங்கினார்.

இப்போது ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில், பழுப்புத் தொப்பியில் அமர்ந்திருக்கும் ஆர்க்காடி ஐயா. ஆறு ஆண்டுகளாக ஸோஹரா அம்மாவின் மேசைக்கு வருகிறார். வருவார், தலை அசைப்பார், சாப்பிடுவார், தலை அசைப்பார், போவார். ஆறு ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. பேச இயலாதவர் என்றே எல்லோரும் எண்ணியிருந்தோம்.

அன்று அவருக்குக் கிடைத்த இடம் படிப்புக்கூடத்தில், ரஷ்ய மொழி அலமாரியின் ஓரம். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையை இன்னொரு முறை துடைத்தார். ஒரு புத்தகத்தை எடுத்தார். தேனீ வளர்ப்புப் பற்றிய பழைய புத்தகம். பக்கங்களைத் திருப்பினார். ஓரிடத்தில் நிறுத்தினார். பிறகு நல்ல உரத்த குரலில், "இது தப்பு" என்றார்.

நாற்பத்தோரு கரண்டிகள் நின்றன.

"ராணித் தேனீயைப் பத்தி இவன் எழுதினது சுத்தத் தப்பு. நான் இருபத்தாறு வருஷம் தேனீ வளர்த்தவன்."

அடுத்த ஒரு மணி நேரம் அவர் தேனீக்களைப் பற்றிப் பேசினார். கெர்ஷோன் ஐயா மறுத்துப் பேசினார். அவருக்குத் தேனீயைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் மறுத்தார். ஆர்க்காடி ஐயா மேசையைத் தட்டித் தட்டிப் பதில் சொன்னார். ஸோஹரா அம்மா அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. ஸோஹரா அம்மா முதலில் எழுந்தார். குறிப்பேட்டிலிருந்து படிக்கிறேன்.

"ஆறு வருஷம் அந்த மனுஷனுக்குச் சோறு போட்டேன். பேர்கூட அவர் வாயால கேட்டதில்ல. வாத்தியார் அலமாரிதான் பேச வெச்சுது. படிப்புக்கூடந்தான் உள்ளே. எழுதிக்கோ, கண்ணு."

எழுதினேன். முடிந்ததா? கெர்ஷோன் ஐயா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"எழுதாதே! நாப்பது வருஷமா அந்தப் புத்தகத்தை எவனும் தொட்டதில்லை. இந்த அம்மா சோறுதான் ஒரு ஆளை அதுகிட்டக் கொண்டு வந்துச்சு. உணவுக்கூடந்தான் உள்ளே!"

"நான் சொன்னதுக்கு எதிராப் பேசணும்னே வந்திருக்கீங்களா வாத்தியாரே?"

"நீங்க தப்பாச் சொன்னா எதிராத்தான் பேசுவேன்!"

அன்பார்ந்தவர்களே! ஒருவர் தன் வீட்டைப் பெரிது என்று சண்டையிடுவதை உலகமெங்கும் காணலாம். எதிர்வீட்டைப் பெரிது என்று மேசையைக் குத்திச் சண்டையிடுவதை எங்கே காண்பது? பசித்தவனை அமர்த்துவதும், அமர்ந்தவனோடு வாதாடுவதும் நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற இரண்டு வேலைகள். உண்ணும் இடம் ஒன்று, எண்ணும் இடம் ஒன்று என்று நாம் சுவர் எழுப்பினோம். ஒரு மேசை அந்தச் சுவரைக் கடந்தது. ஒரு மனிதன் வாய் திறந்தான். பண்பாட்டு மையம் என்று பலகையில் எழுதியிருக்கிறோமே, அதற்கு இதைவிட வேறு பொருள் உண்டா?

இருந்தாலும் வாசல் அப்படியேதான் இருந்தது. நேற்றும் வாதம் நடந்தது. இன்று காலை ரப்பி யோம்தோவ், ஆர்க்காடி ஐயாவை அழைத்து வரச் சொன்னார். "ரெண்டு கூடமும் சமம், கதவும் இல்ல. இனிமே ஜனங்க எப்படி நடக்கறாங்கன்னுதான் பாக்கணும். ஐயா, அன்னிக்கு நீங்க எப்படி வந்தீங்க?"

ஆர்க்காடி ஐயா முதலில் உணவுக்கூடத்தைக் கைகாட்டினார்.

"சாப்பிட வந்தேன்," என்றார். "அப்புறம் உள்ளே போனேன்."

தீர்ப்பு எழுதப்பட்டது. படிப்புக்கூடமே உள்ளே. கெர்ஷோன் ஐயா வென்றார். அவர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார், முகத்தைப் பாருங்கள்.

இடம் தந்த நகராட்சிக்கு நன்றி. முதன்முதல் மாட்டியதையும் சேர்த்துக் கதவை ஐந்து முறை மாட்டிய மெனஷ்ஷே அவர்களுக்கு நன்றி. ஆறாவது முறை தேவையில்லை, மேசை அங்கேயே இருக்கப் போகிறது. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. மெஸூஸாவைப் பதிக்கும் பேறு யாருக்கு என்று குழு வாக்கெடுத்தது. நம் குழுவின் வரலாற்றில் முதல் முறையாக யாரும் மறுக்கவில்லை.

ஆர்க்காடி ஐயா, சூரியன் மறைய இன்னும் இருபத்து மூன்று நிமிடங்கள் இருக்கின்றன. தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னே வாருங்கள். தாய்மார்களே, அவருக்கு வழி விடுங்கள். அனைவருக்கும் ஒளித் திருநாள் வாழ்த்துகள், வணக்கம்!