யாரும் அடிக்காத அடிபம்பு

தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் மாசிலாமணி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, இன்றைய வேலையை விட்டுவிட்டுத் திண்டிவனம் மேட்டுக்காலனியிலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மறைந்த பேராசிரியர் டாக்டர் காந்திமதி அம்மையாரைப் பற்றி மாணவிகள் பேசினார்கள். உடன் பணிபுரிந்தவர்கள் பேசினார்கள். அவர் யாரிடம் குறை கண்டுபிடித்தாரோ, அந்த ஒருவனும் பேச வேண்டாமா? அந்த ஒருவன் நான்தான். என் பெயர் கோதண்டபாணி. குடிநீர்ப் பணியில் பொறியாளராக இருந்து, போன வருஷம் ஓய்வு பெற்றவன்.

1983ஆம் ஆண்டு. ஊர் நகரமாக வளரும்போது கூடவே வருகிற இயந்திரங்களால் பெண்களுக்கு என்ன நேர்கிறது என்பதை அம்மையார் ஆராய்ந்துகொண்டிருந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மெஷின் வந்து வேலை இழந்தவர்களைத் தேடிப் போனவர், மேட்டுக்காலனியில் வேறொன்றையும் பார்த்துவிட்டு என் அலுவலகத்துக்கு வந்தார்.

"நீங்க போட்ட அடிபம்பை ஏன் சார் பொம்பளைங்க யாரும் தொடறதே இல்லை?"

எனக்குச் சுருக்கென்றது. "பம்பு நல்லாத்தாம்மா இருக்குது. இரும்புக்கு ஆம்பளை பொம்பளைன்னு தெரியுமா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நாளைக்கு விடிஞ்சதும் வாங்க சார். நின்னு பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

போனேன். என்ன கண்டேன்! பம்பு சும்மா நின்றது. பெண்கள் குடங்களோடு ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, எதிர்ப்பக்கக் கிணற்றுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் பொன்னி என்ற நிறைமாதக் கர்ப்பிணியும் இருந்தார். இதோ, முன்வரிசையில் இருக்கிற குப்பம்மாளை நிறுத்தி, "பம்பு பக்கத்துலயே இருக்கறப்ப அங்க ஏன் போற?" என்று கேட்டேன்.

"அது சாராயக்கடையாண்ட இருக்குதுங்க. விடியும்போதே குடிச்சிட்டுக் குந்திக்கினு இருக்கறானுங்க. குனிஞ்சா ஒரு பேச்சு, நிமிர்ந்தா ஒரு பேச்சு. ரயில் வர்ற நேரம் தெரியும்ங்க. இவனுங்க கையைப் புடிச்சி இழுக்கற நேரம் யாருக்குத் தெரியும்?"

அந்த இடத்தை வரைபடத்தில் குறித்தது யார்? நான். லாரி நிற்க வசதி பார்த்தேன். ஆழ்துளைக் குழாய் இறக்கச் சுலபமா என்று பார்த்தேன். அடிக்கப் போகிறவர்கள் யாரென்று பார்த்தேனா? பார்க்கவில்லை!

ஆனாலும் நான் அன்றைக்கே திருந்திவிடவில்லை. பதவி உயர்வு வர இருந்த நேரம். அம்மையாரின் வீட்டுக்கே போய், "உங்க ஆய்வறிக்கையில இந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுடுங்கம்மா" என்று கெஞ்சினேன்.

"உங்க பேரை எழுத மாட்டேன் சார். ஆனா குப்பம்மா சொன்னதை எடுக்க மாட்டேன்."

பத்து நாள் கழித்துப் பொன்னி தண்டவாளக் கல்லில் சறுக்கி விழுந்தார். நல்லவேளை, ரயில் வரவில்லை. தகவல் சொன்னவர் அம்மையார்தான். ஒரு வார்த்தை குத்திக்காட்டினாரா? இல்லை. "ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்துவிட்டு நேராக அலுவலகம் போனேன். 'இடம் தேர்ந்ததில் பிழை என்னுடையது' என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். பதவி உயர்வு தள்ளிப்போனது. மனசு லேசானது.

புதுப் பம்புக்கு இடம் காட்டியவர்கள் காலனிப் பெண்கள். நாலு பக்கமும் வீட்டு வாசல்கள் தெரிகிற இடம். பழுது பார்க்கவும் அவர்களுக்கே கற்றுக்கொடுக்கச் சொன்னார் அம்மையார். பொம்பளை கையில் ஸ்பானரா என்று சிரித்தவர்கள் உண்டு. இன்றைக்கு அந்தப் பம்புக்கு வாஷர் மாற்றுவது குப்பம்மாள்தான்!

நாற்பத்தாறு வயதில், மஞ்சள் காமாலை அம்மையாரை நம்மிடமிருந்து கொண்டுபோய்விட்டது. விழுப்புரத்தின் புது நகர்களைப் பற்றி அவர் தொடங்கிய ஆய்வு பாதியில் நிற்கிறது. இன்னும் பதினோரு தெரு மீதி. அழுதுவிட்டுக் கலைந்து போவோமா நாம்? மாட்டோம். மாணவிகள் கேட்டு எழுதுவார்கள். நான் வரைபடம் போடுவேன். குப்பம்மாளிடம், "நீங்களும் வர்றீங்களாம்மா?" என்று நேற்றுக் கேட்டேன்.

"வர்றேன் சார். ஆனா பொம்பளைங்களாண்ட நான் பேசிக்கறேன். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

வரும் திங்கட்கிழமையன்று முதல் தெருவில் தொடங்குகிறோம். நான் தள்ளித்தான் நிற்பேன். வணக்கம்.