மூன்றாவது ரிமோட்

பழைய லாரிக்கு ரிமோட் பூட்டு மாட்டுவது, புது வண்டிக்கு மாட்டுவதைவிடச் சுலபம். புது வண்டியில் எந்த வயரைத் தொட்டாலும் எங்கோ ஒரு விளக்கு எரிந்து கோபித்துக்கொள்ளும். பழைய லாரிக்கு அந்தப் பிகு எல்லாம் கிடையாது. கதவின் உள்பலகையைக் கழற்றினால் ஒரு கம்பி, ஒரு ஸ்பிரிங், இருபது வருடத் தூசி, சில சமயம் யாரோ தவறவிட்ட சீப்பு. அந்தக் கம்பியோடு ஒரு சின்ன மோட்டாரைக் கோத்துவிட்டால் கதவு சொன்ன பேச்சைக் கேட்கும். இருபத்தாறு வருடமாக இதைச் செய்கிறேன், ஐயா. வேலையில் குறை என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

உங்கள் மேசைமேல் இருக்கும் ரிமோட் என்னுடையதுதான். நேற்று தெரியாது என்று சொன்னது பயத்தால் அல்ல. நீங்கள் கேட்ட தோரணை பிடிக்கவில்லை. இன்று உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, மனிதனிடம் கேட்பதுபோல் கேட்கிறீர்கள். சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். எதையும் பிறகு மாற்றிச் சொல்ல மாட்டேன்.

முதலில் என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்தொன்று. அப்பா அதற்கு முன்பே எங்களை விட்டுப் போயிருந்தார். கிரீஸ் கறை படிந்த இந்தக் கைகளால்தான் அவளுக்கு இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டேன். முதல் ஒரு வாரம் ஒரு சடை காதுக்கு மேலேயும் இன்னொன்று பிடரியிலுமாகப் பள்ளிக்கூடம் போனாள். பிறகு சரியாக வந்துவிட்டது. வயர் பின்னுகிறவனுக்குச் சடை பின்ன எவ்வளவு நேரமாகும்? கீழே கடை, மேலே இரண்டு அறை. மாலையில் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எந்த நிற ஃபியூஸுக்கு என்ன வேலை என்று பத்து வயதிலேயே தெரியும்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், எனக்குத்தான் குடும்பம் இருக்கிறதே என்பேன். அவளுக்கு வரன்கள் வந்தன. ஒருவனுக்கு அம்மா சரியில்லை. ஒருவன் தொட்டதற்கெல்லாம் சிரித்தான். இன்னொருவனிடம் ஒரு குறையும் இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. முப்பத்துநான்கு வயது வரை அவளுக்குத் தகுந்த ஆள் ஒருவனும் வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அப்புறம் வந்தான் ஸ்டெப்னி. லாரிக்காரர்கள் வைத்த பெயர். யாருக்கு ஆள் குறைந்தாலும், யார் வண்டி வழியில் நின்றாலும், கூப்பிடாமலே போய் நிற்பான். சொந்தமாக ஒரு பழைய லாரி வைத்துத் தரை ஓடு ஏற்றிக்கொண்டிருந்தான். முன்விளக்கு எரியவில்லை என்று ஒரே மாதத்தில் நான்கு முறை என் கடைக்கு வந்தான். நான்காவது முறை பார்த்தேன். பல்பில் ஒன்றுமில்லை, வயரை அவனே பிடுங்கிவிட்டு வந்திருக்கிறான். மேலே மாடிப்படியில் நின்று என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்தது. மாடி அறைகளை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நான் கடைக்குப் பின்னால் கட்டிலைப் போட்டுக்கொண்டேன். மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. அவன் குடிக்க மாட்டான். அவளை ஒரு சொல் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. இதைக் கேட்டு உங்கள் பேனா நிற்கிறது. அவன் அடித்தான், சித்திரவதை செய்தான் என்று நான் சொன்னால் உங்களுக்கு எழுத வசதியாக இருந்திருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்கவே வேண்டாம்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவன் சொன்னான், "மச்சான், துறைமுகத்துல ஒரு கம்பெனி வாடகைக்கு லாரி எடுக்கறாங்களாம். வருசம் பூரா ஓட்டம் இருக்கும். அங்கேயே குடியிருக்க இடமும் தர்றாங்க."

"எவ்வளவு தூரம்?" என்றேன்.

"ஒன்பது மணி நேரம்தான்."

தான் என்கிறான். பக்கத்துத் தெருவைப் போல. தங்கை தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு விருப்பமில்லை என்று அந்த மௌனத்திலிருந்தே தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் லாரியின் ஜன்னல் கண்ணாடியை உடைத்து யாரோ ஜாக்கியையும் தார்ப்பாயையும் எடுத்துப் போய்விட்டார்கள். தங்கைதான் கேட்டாள், "அண்ணா, அந்த வண்டிக்கு அலாரத்தோட ஒரு நல்ல பூட்டா போட்டுக் குடேன். புது ஊர்ல எங்க நிறுத்துவோம்னுகூடத் தெரியாது."

ஜாக்கியும் தார்ப்பாயும் என் கடைப் பரணில் இருக்கின்றன. ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம். அது பெரிய விஷயமல்ல.

ஒரு ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து வேலை பார்த்தேன். அவன் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தான். இரண்டு கதவுக்கும் மோட்டார், டாஷ்போர்டுக்குப் பின்னால் கட்டுப்பாட்டுப் பெட்டி, பேட்டரிக்குப் பக்கத்தில் சைரன், யாராவது வண்டியைத் தட்டினால் உணர்கிற சென்சார், ஸ்டீயரிங் ஓரத்தில் மினுக்கும் சிவப்பு விளக்கு. இந்தப் பெட்டிகள் எல்லாம் காருக்காகச் செய்யப்பட்டவை. டிக்கி திறக்க என்று ஒரு வயர் தனியாக வரும். லாரிக்கு ஏது டிக்கி? எல்லோரும் அதை டேப் சுற்றி மடக்கிவிடுவார்கள். அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நான் அதை ஒரு ரிலே வழியாக டீசலை நிறுத்துகிற வால்வுக்குக் கொண்டுபோனேன். ரிமோட்டில் டிக்கிக்கென்று இருக்கும் மூன்றாவது பொத்தானை ஒருமுறை அமுக்கினால் இன்ஜினுக்கு டீசல் போகாது. மறுபடி அமுக்கினால் போகும்.

பெட்டியோடு இரண்டு ரிமோட் வரும். அந்த இரண்டிலும் மூன்றாவது பொத்தான் அமுங்காதபடி உள்ளே சிறு பிளாஸ்டிக் துண்டு வைத்து அவர்களிடம் கொடுத்தேன். மூன்றாவதாக ஒரு ரிமோட் நானே வாங்கி, பெட்டிக்குப் பழக்கிவிட்டேன். அதுதான் உங்கள் மேசைமேல் இருப்பது. தங்கை பொத்தானை அமுக்கி அமுக்கிக் கதவுகள் திறந்து மூடுவதைப் பார்த்துக் கைதட்டினாள். "எங்க அண்ணன் கை வெச்சா அது கம்பெனி வேலைதான்," என்று அவனிடம் சொன்னாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை நீங்கள் எழுதுவதற்கில்லை.

துறைமுகக் கம்பெனி ஆள் வண்டியைச் சோதிக்க வந்த நாளில், அவன் ஓடு ஏற்றும் கிடங்கின் வாசலுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் நான் உட்கார்ந்திருந்தேன். வாசலில் லாரி நின்றது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பிறகு பிடித்தது. பத்தடி போய் மறுபடி நின்றது. மூன்றாவது முறை அந்த ஆள் கையை உதறிவிட்டுத் தன் காரில் ஏறிப் போய்விட்டான். ஸ்டெப்னி அவனிடம் கெஞ்சவில்லை, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தான். பாவமாகத்தான் இருந்தது. நான் கல் இல்லை.

அதற்குப் பிறகும் நான்கைந்து முறை நிறுத்தினேன். அவனுக்கு இதனால் ஒரு சேதமும் இல்லை. ஒவ்வொரு முறையும் என்னிடம்தான் வருவான். நானும் ஏதாவது ஒரு வயரைக் கழற்றி மாட்டி அனுப்புவேன்.

"மச்சான், வண்டிக்கு என்னதான் கேடு?"

"பழைய வண்டிதானே மாப்பிள்ளை. டீசல்ல காத்து ஏறுது. ஓடிக்கிட்டிருக்கும்போது நின்னுச்சுன்னா யோசிக்கவே யோசிக்காதீங்க. உடனே கிளட்ச்ச மிதிச்சு சாவியத் திருப்புங்க. கைப்பழக்கம் ஆக்கிக்கங்க."

அவன் நல்ல மாணவன். ஆக்கிக்கொண்டான்.

சமவெளியில் அது நல்ல யோசனைதான். இறக்கத்தில் அப்படி இல்லை. கியரில் இருக்கும்வரை சக்கரங்களே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் இருக்கும். கிளட்ச்சை மிதித்தால் இன்ஜின் சாகும். ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக் இரண்டு மிதிக்கு வரும், மூன்றாவதற்கு வராது. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தபோதே இது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். துறைமுகத்துக்குப் போகும் சாலை கல்குவாரிக்குப் பின்னால் ஏழு வளைவுகளாக இறங்குகிறது என்பதும் தெரியும். ஆனால் அது வரை போக வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கம்பெனி கைவிட்டதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் நம்பினேன்.

ஆகவில்லை. ஒரு மாதம் கழித்துத் தங்கை கீழே வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, நாங்க போறோம். அவருக்கு அங்க டிரைவர் வேலை கிடைச்சிருக்கு. வண்டிய அங்க கொண்டுபோய் வித்துக்கறோம்."

"அவன் சொன்னா நீ போயிடுவியா?"

"அவர் சொல்லல அண்ணா. இங்கேயே இருந்திடலாம்னுதான் சொன்னார், உனக்காக. நான்தான் போகணும்னேன். முதல்ல இருந்தே நான்தான்."

"ஏன்?"

"எனக்கு மூச்சு முட்டுது அண்ணா. நீ நல்லவன்தான். ஆனா முட்டுது."

இவை அவளுடைய வார்த்தைகள் இல்லை. ஒன்பது வயதிலிருந்து அவளை வளர்த்தவன் நான். யாரோ சொல்லிக்கொடுத்துத்தான் பேசினாள். நான் கையில் இருந்த வேலையை முடித்தேன்.

புறப்பட்ட நாள் காலை பத்து மணிக்கு லாரியில் கட்டில், பீரோ, பாத்திர மூட்டைகள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கயிறு கட்டிக் கொடுத்ததே நான்தான். ஊர் எல்லை வரை வந்து வழியனுப்புகிறேன் என்று பைக்கை எடுத்தேன். எல்லையில் அவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் கையாட்டிவிட்டு நிற்காமல் பின்னாலேயே போனேன். அந்த ரிமோட் ஐம்பது அடிக்கு மேல் பிடிக்காது. அதனால் நெருங்கித்தான் போக வேண்டியிருந்தது.

முதல் மூன்று வளைவுகளை அவன் நன்றாகவே இறக்கினான். கெட்டிக்கார டிரைவர், இல்லை என்று சொல்ல மாட்டேன். நான்காவது வளைவுக்கு முன்னால் இறக்கம் செங்குத்து, தடுப்புக்கு வெறும் கல் தூண்கள். இடப்பக்க ஜன்னலில் தங்கையின் கை வெளியே இருந்தது. விரல்களை விரித்துக் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பக்கக் கண்ணாடியில் அவள் முகமும் தெரிந்தது. அவளும் என்னைப் பார்த்தாள். முதலில் அடையாளம் தெரியாததுபோல் பார்த்தாள், பிறகு கையை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அப்போது அமுக்கினேன்.

கை தவறிப் பட்டதா, மிரட்டத்தான் நினைத்தேனா என்று உங்கள் உதவி ஆய்வாளர் நேற்று எனக்கு வழி எடுத்துக்கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் எனக்கு அது வேண்டாம். பைக்கை ஒரு கையால் பிடித்து, மற்றக் கையால் சட்டைப்பையிலிருந்து ரிமோட்டை எடுத்து, பொத்தானைப் பார்த்து அமுக்கினேன். பிரேக் விளக்கு ஒருமுறை எரிந்தது, இன்னொருமுறை எரிந்தது, பிறகு அணையவே இல்லை. அவன் கிளட்ச்சை மிதித்துவிட்டான் என்று புரிந்தது. தூண்கள் தீக்குச்சி மாதிரி போயின. வண்டி விழுந்த அதிர்ச்சியில் அலாரம் கத்தத் தொடங்கியது. நான் மாட்டிய சைரன் ஒன்றும் ஆகாமல் அரை மணி நேரம் கத்தியது. அதைக் கேட்டுத்தான் குவாரி ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இறங்கி அவளை வெளியே தூக்கியவன் நான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனைத் தூக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் அவள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முழங்காலுக்குக் கீழே இடது கால் எடுத்தாயிற்று. பதின்மூன்றாம் நாள் வாய் திறந்தாள்.

"எல்லையோட திரும்பறேன்னு சொன்னியே. ஏன் பின்னாடியே வந்தே?"

"மனசு கேக்கலம்மா."

"கையில என்ன வெச்சிருந்தே?"

நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. வலியில் இருப்பவர்கள் எதையாவது சொல்வார்கள். வலி குறைந்தால் அவளே புரிந்துகொள்வாள்.

வெட்கமாக இல்லையா என்று கேட்டீர்கள். இல்லை. நீதிபதி கேட்டாலும் இதையேதான் சொல்வேன். நான் வளர்த்த பெண்ணை ஒருவன் ஒன்பது மணி நேரத் தொலைவுக்குக் கொண்டுபோனான், நான் நிறுத்தினேன். நிறுத்துவதற்கு என் கையில் என்ன இருந்ததோ அதை வைத்து நிறுத்தினேன். மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் இந்தத் தாளில் எழுதிவிடாதீர்கள், கையெழுத்துப் போட மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாடிப்படி ஏற முடியாது, யாராவது தூக்கித்தான் போக வேண்டும். அன்றைக்கு மட்டுமாவது என்னை வெளியே விடுங்கள். அவளுக்கு இப்போது என்னைத் தவிர யார் இருக்கிறார்கள், ஐயா?