வாயில் வராத பேர்

சுதந்திர நாட்டின் முதல் தேர்தல். போடியில் பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்யும் இருவர் நின்றார்கள்.

"வீட்டுக்காரர் பேரென்ன?" என்றார் அதிகாரி.

"கருப்பையா!" என்று உரக்கச் சொன்னாள் இளையவள்.

வரிசையே எட்டிப் பார்த்தது.

"அடி பாதகத்தி!" என்றாள் மூத்தவள். "புருசன் பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறஞ்சிரும்டி!"

"சொல்லாட்டி ஓட்டு இல்லங்கிறாகளேக்கா."

"என்னையச் சொல்லச் சொல்லியிருக்கலாம்ல?"

"அப்ப ஓட்டையும் நீயே போடுவியாக்கும்?"

அடுத்து மூத்தவளின் முறை. அதே கேள்வி. அவள் திரும்பிப் பார்த்தாள். இளையவள் வாயைத் திறக்கவில்லை.

"ஒருநாளும் அவரு பேரச் சொன்னதில்ல சாமி," என்றாள் அதிகாரியிடம். "அப்பிடியிருந்தும் முப்பது வயசுலயே போய்ச் சேந்துட்டாரு."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எழுதிக்கங்க. சின்னச்சாமி."